முன்பணம் வாங்கும் முன் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்: போக்குவரத்து ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்து ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில் காப்பியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கும் சிறு விவசாயி நான். போன மாதம் எங்கள் ஊர்ச் சாலையில் வாகனத் தணிக்கை நடந்தது. வாழைத்தார் ஏற்றி வந்த என் ஏடிவி வண்டியை, அதாவது கரடுமுரடான நிலத்தில் ஓட்டும் சின்ன நான்கு சக்கர வண்டியை, நிறுத்தினார்கள். நம்பர் பிளேட் இல்லை, ஆர்.சி. இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. அபராதம் எழுதினார்கள், கட்டினேன். பதிவு செய்யாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டினால் முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், மறுபடி பிடிபட்டால் சிறை வரைகூடப் போகலாம் என்பதெல்லாம் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள், அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஓட்டியவன் அபராதம் கட்டினேன். ஆர்.சி. வரும் என்று சொல்லி அந்த வண்டியை விற்றவரை இதுவரை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

கீழ்மலைத் தோட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த வண்டி எதற்கு என்று புரியும். ஜீப் இறங்க முடியாத சரிவு, மழை பெய்தால் சேறு. சில தோட்டங்களில் இன்றைக்கும் குதிரைதான் சுமை தூக்குகிறது. குதிரைக்காரர்கள் குறைந்துவிட்டார்கள், தலைச்சுமைக்கு ஆள் கிடைப்பதில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்று இருந்தால் தோட்டம் பிழைக்கும் என்றுதான் வாங்கினேன். பெருநகரத்து டீலர் ஒருவரிடம் போய் முதலில் கேட்டதே, "இதுக்கு ஆர்.சி. வருமா?" என்றுதான். "அண்ணே, பேப்பர் வேலை எல்லாம் நாங்க பாத்துக்குறோம், நீங்க அட்வான்ஸ் மட்டும் போட்டுட்டுப் போங்க" என்றார்கள். போலாரிஸ் நிறுவனத்தின் ஏடிவி மாடல் ஒன்று விவசாய டிராக்டர் பிரிவில் சான்று வாங்கிச் சாலைக்கு வந்திருக்கிறது. அதைக் காட்டி, "அதுக்கு வந்தப்போ இதுக்கு வராதா?" என்றார்கள். எனக்கு விற்றது வேறு நாட்டிலிருந்து இறக்குமதியான வேறு கம்பெனி வண்டி. அந்தச் சான்றுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

வண்டியோடு வந்த காகிதங்கள்: ஒரு ஜி.எஸ்.டி. பில், இறக்குமதிக் கணக்கின் நகல் ஒன்று, ஓட்டும் முறை சொல்லும் புத்தகம் ஒன்று. விற்பனைச் சான்றான படிவம் 21 இல்லை. வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தரும் படிவம் 22 இல்லை. பில்லின் அடியில், கையெழுத்துப் போடும் இடத்துக்கும் கீழே, பொதுச்சாலையில் ஓட்டுவதற்கானது அல்ல என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. பணம் முழுதும் கட்டிய பிறகு கைக்கு வந்த பில் அது.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பொறுமையாக விளக்கினார்கள். ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை அமைப்பு ஒன்றின் மாடல் ஒப்புதல் இருந்தால்தான் தயாரிப்பாளர் பெயரும் சேசிஸ் எண்ணும் 'வாகன்' என்ற அரசின் வண்டிப் பதிவு இணையதளத்துக்குள் வரும். அங்கே இல்லாத வண்டிக்கு அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. சரி, இது அவர்களுக்குத் தெரிகிறது. டீலருக்கும் தெரியும். வாங்குகிறவனுக்கு மட்டும் தெரியாது.

ஆர்.சி. இல்லையென்றால் வண்டியை அடமானமாகப் பதிய முடியாது, வாகனக் கடன் கிடையாது. வீட்டிலிருந்த நகையை வைத்துத்தான் பணம் புரட்டினேன். நம்பர் இல்லாத வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் போட ஏஜென்ட் தயாராக இல்லை. நாளைக்கே இந்த வண்டி யார் மேலாவது மோதினால், தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை நான்தான் கட்ட வேண்டும். அதைக் கட்டத் தோட்டத்தை விற்றாலும் போதாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் ஒன்று இருக்கிறது. என் நிலத்தின் நடுவே பஞ்சாயத்துத் தார்ச்சாலை போகிறது. அகலம் இருபது அடி இருக்கும். வாழை மேல்பக்கம், தார்களை அடுக்கி வைக்கும் கொட்டகை கீழ்ப்பக்கம். சொந்த நிலத்தில் ஓட்டலாம், ஆனால் அந்த இருபதடி பொது இடம். அபராதம் போட்ட நாளிலிருந்து வண்டி மேல்பக்கத்து வேலி ஓரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே தார்களை இறக்கி, ஆளுக்கொன்றாகத் தோளில் சுமந்து சாலையைக் கடந்து, கீழ்ப்பக்கம் வாடகை ஜீப்பில் மறுபடி ஏற்றுகிறோம். இரண்டு முறை ஏற்றி இறக்கினால் மலைவாழைத் தாருக்கு என்ன ஆகும் என்று வியாபாரியைக் கேளுங்கள். அடிபட்ட சீப்பு இரண்டே நாளில் கறுத்துவிடுகிறது. கறுத்த சீப்பை விலையில் கழித்துவிடுகிறார்கள். சுமைகூலி, ஜீப் வாடகை, கழிவு எல்லாம் சேர்ந்து, வண்டி வாங்கும் முன் இருந்ததைவிடச் செலவு கூடிவிட்டது. நகைக்கடன் வட்டி தனியாக ஓடுகிறது.

நான் முக்கியமாகக் கேட்பது ஒன்றுதான். ஏடிவியோ வேறு எந்த வண்டியோ, முன்பணம் வாங்கும் முன் அது பதிவாகுமா ஆகாதா என்பதை டீலர் ஒரு தாளில் தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். மாடல் ஒப்புதல் சான்றின் எண் என்ன, படிவம் 21, 22 தருவார்களா, பொதுச்சாலையில் ஓட்டலாமா என்ற மூன்று கேள்விக்கும் அந்தத் தாளில் பதில் இருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் கிட்டத்தட்ட இதைத்தான் சொல்கிறது. டீலர் இருக்கும் மாநிலத்திலேயே பதிவாகும் புது வண்டிக்குப் பதிவு விண்ணப்பத்தை டீலரே கொடுக்க வேண்டும், நம்பர் மாட்டாமல் வண்டியை உரிமையாளர் கையில் தரக்கூடாது என்று 41ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். நல்ல திருத்தம். கார் வாங்குகிறவருக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆனால் தொழிற்சாலை, வேலியிட்ட வளாகம் ஆகியவற்றுக்குள் மட்டுமே ஓடும் சிறப்பு வகை வண்டி, மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வராது என்று 2ஆம் பிரிவு விலக்கு தருகிறது. ஏடிவி விற்கிறவர்கள் இந்த விலக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். விற்கும்போது ஊரெல்லாம் ஓட்டலாம் என்கிற பேச்சு, பில் போடும்போது வளாகத்துக்குள் மட்டும். இந்த இரட்டைப் பேச்சைத் தடுக்க நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தாலே பாதி டீலர்கள் ஒழுங்காகிவிடுவார்கள்.

ஏடிவியோடு இது முடிவதில்லை. மலைக்கு வரும் நான்கு சக்கர இழுவை ஜீப்புகளைப் பாருங்கள். முன்பக்கம் மாட்டும் இரும்புத் தடுப்பான புல் பாரை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடை செய்தது. தயாரிப்பாளரின் அளவுகளை மீறி வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அப்புறமும் டெலிவரி கொடுக்கிற இடத்திலேயே புல் பாரும் பெரிய டயரும் மாட்டி, ஆக்சஸரீஸ் என்று தனி பில் போட்டு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வண்டி ரோட்டுக்கு வந்ததும் தணிக்கையில் சிக்கிக்கொள்வது வாங்கினவர். பில் போட்டவர் அடுத்த வண்டிக்குப் பில் போட்டுக்கொண்டிருக்கிறார். சட்டம் எப்போதும் ரோட்டில் நிற்கிறவனையே பிடிக்கிறது, கடைக்குள் நிற்கிறவரைத் தொடுவதில்லை என்பதைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான் வருகிறது, ஆணையர் அவர்களே. கோபத்தை இங்கேயே நிறுத்திக்கொள்கிறேன்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போகத்தான் போகிறேன். அதில் என் பணம் திரும்பி வரலாம். அடுத்த வாரம் அதே கடையில் அட்வான்ஸ் போடப் போகும் இன்னொரு விவசாயியை அது காப்பாற்றாது. எங்கள் பகுதியில் இரண்டு பேர் இதே மாதிரி வண்டிக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் வந்து கேட்டதால் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

ஆகவே தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் வாங்கும் முன் எழுதிக் கொடுக்கும் அந்த ஒரு தாளைக் கட்டாயமாக்குங்கள். அந்தத் தாளின் நகல் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் போகட்டும். ஏற்கெனவே ஏமாந்து வாங்கியவர்களின் வண்டிகளை டிராக்டர் பிரிவிலோ வேறு பிரிவிலோ சோதனைக்கு அனுப்பித் தயாரிப்பாளர் செலவில் சான்று பெற வழி உண்டா என்றும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

டீலரின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. தங்கள் அலுவலகம் கேட்டால், அட்வான்ஸ் ரசீது, பில், அபராத ரசீது மூன்றின் நகலோடு நேரில் வந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்மலை விவசாயி ஒருவன்