'ஹீப்ரு ஹேமர்' படத்துக்கு ஒரு முன்குறிப்பு தேவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டிசம்பர் விடுமுறையில் பார்க்க வேண்டிய நகைச்சுவைப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'தி ஹீப்ரு ஹேமர்' படத்தையும் சேர்த்திருந்தீர்கள். 2003இல் வந்து, தியேட்டர்களில் பெரிதாக ஓடாமல் போன படம். அதைத் தேடிப்பிடித்து எழுதியதற்கு முதலில் நன்றி. ஆனால் யூதர்களின் பழக்கவழக்கங்களைச் சிரித்துக்கொண்டே தெரிந்துகொள்ளலாம் என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறாரே, அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. யூதர்களைப் பற்றி மற்றவர்கள் என்னென்ன கட்டிவிட்டார்கள் என்பதைத்தான் அந்தப் படத்தில் தெரிந்துகொள்ளலாம். யூதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள அதில் அநேகமாக ஒன்றும் கிடையாது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நல்ல சாண்டா கிளாஸைக் கொன்றுவிட்டு அவருடைய மகன் டேமியன் பதவிக்கு வருகிறான். டிசம்பர் வாக்கில் யூதர்கள் கொண்டாடும் ஹனுக்கா பண்டிகையை ஒழித்துக்கட்டுவதே அவன் திட்டம். யூதக் குழந்தைகளின் மனதைக் கெடுக்க ஒரு பழைய கிறிஸ்துமஸ் படத்தின் திருட்டு கேசட்டுகளை இலவசமாக விநியோகிக்கிறான்! அவனைத் தடுக்கக் கிளம்பும் துப்பறிவாளன்தான் மோர்டெக்காய் (நடித்தவர் ஆடம் கோல்ட்பர்க்). கறுப்புத் தோல் கோட்டு, காதோரச் சுருள்முடி, கழுத்தில் யூதர்களின் அடையாளமான பெரிய தாவீது நட்சத்திரம். ஊரே நடுங்கும் முரடன், அம்மாவுக்கு முன்னால் மட்டும் பதில் பேச முடியாமல் நெளிவான்.

இந்தத் தோற்றம் எங்கிருந்து வந்தது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. 1971இல் 'ஷாஃப்ட்' போன்ற படங்கள் வந்தன. தோல் கோட்டு போட்ட, யாருக்கும் அடங்காத கறுப்பினக் கதாநாயகர்கள் முதன்முறையாகத் திரையை ஆண்டார்கள். அந்தப் படங்கள் புதிய பெருமையைத் தந்தன. கூடவே கறுப்பர் என்றாலே ரவுடி, போதைமருந்து விற்பவன் என்ற பிம்பத்தைப் பரப்புகின்றன என்று கறுப்பின உரிமை அமைப்புகளே எதிர்க்கவும் செய்தன. அந்தச் சட்டையைக் கழற்றி, ஹாலிவுட் எப்போதும் பயந்தாங்கொள்ளியாகவும் கண்ணாடி போட்ட நோஞ்சானாகவும் காட்டிய யூத இளைஞனுக்கு மாட்டிவிட்டார் எழுதி இயக்கிய ஜோனதன் கெசல்மன். அவரும் யூதர். அந்தக் கறுப்பினப் பட அலையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான இயக்குநர் மெல்வின் வான் பீபிள்ஸும் அவர் மகன் மரியோவும் இதில் நடித்திருப்பது தற்செயல் இல்லை. ஒரு பிம்பத்தை இன்னொரு பிம்பத்தோடு மோதவிட்டு இரண்டையும் உடைத்துப் பார்க்கிற வேலை இது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு ஒரு காட்சியைப் பற்றி. யூத அமைப்புகளின் பிரதிநிதிகள் கூடும் ஆலோசனைக் கூட்டம் ஒன்று வருகிறது. அதில் 'உலகளாவிய யூத ஊடகச் சதி' என்பதும் ஒரு அமைப்பாக, நம்மூர் வணிகர் சங்கம் மாதிரி, வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் வாய்விட்டுச் சிரித்த இடம் இது. விஷயம் தெரியாத ஒருவர் பார்த்தால், "அட, அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று நினைத்துக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

இந்தச் சதிக் கதைக்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1903இல் ரஷ்யப் பத்திரிகை ஒன்றில், உலகத்தைக் கைப்பற்ற யூதப் பெரியவர்கள் ரகசியமாகத் தீட்டிய திட்டம் என்று ஒரு போலி ஆவணம் வெளியானது. அதன் பெரும்பகுதி, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து 1864இல் ஒரு பிரெஞ்சு வழக்கறிஞர் எழுதிய நூலிலிருந்து திருடப்பட்டது என்பதை 1921இல் லண்டன் 'டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. மூலத்தில் யூதர்களைப் பற்றிய பேச்சே இல்லை. அப்புறமும் பொய் நிற்கவில்லை. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு தன் பத்திரிகையில் அதைத் தூக்கிப் பிடித்து, 1927இல் மன்னிப்புக் கேட்டார். நாஜிகள் அதை என்ன செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஒரு நையாண்டியைத் திருடி அவதூறாக்கினார்கள். கெசல்மன் அந்த அவதூறைப் பிடித்து மறுபடி நையாண்டியாக்குகிறார். இது தெரிந்தால்தான் அந்தக் காட்சி நகைச்சுவை.

பணத்தாசை பற்றிய கேலிகளும் இப்படித்தான். நம்மில் பலர் பள்ளிக்கூடப் பாடத்தில் முதலில் சந்தித்த யூதர், 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் வட்டிக்குக் கடன் கொடுக்கும் ஷைலாக். ஷேக்ஸ்பியர் அந்தப் பாத்திரத்தை எழுதியபோது, இங்கிலாந்திலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டு (1290இல்) 300 வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது. ஐரோப்பாவின் பல பகுதிகளில் நிலம் வாங்க விடாமல், கைத்தொழில் சங்கங்களில் சேர்க்காமல் தள்ளிவைத்து, கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை தடுத்திருந்த வட்டித் தொழிலை அவர்கள் தலையில் கட்டினார்கள். பிறகு வட்டி வாங்குகிறான் என்று திட்டினார்கள். நம் படங்களில் கொச்சைத் தமிழ் பேசும் வட்டிக்கடை சேட்டுகளைப் பார்த்து எத்தனை வருடம் சிரித்தோம்! அந்த வசனங்களை ஒரு சேட்டு வீட்டுப் பையன் எழுதியிருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும்.

ஹனுக்காவை 'யூதர்களின் கிறிஸ்துமஸ்' என்று கட்டுரை சொல்வதும் சரியில்லை. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில், கிரேக்க வழி வந்த அரசன் நான்காம் அந்தியோக்கஸிடமிருந்து எருசலேம் ஆலயத்தை மீட்டதை நினைத்து எட்டு நாள் விளக்கேற்றும் பண்டிகை அது. மதரீதியில், எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் பஸ்காவுக்கும், பாவமன்னிப்புக்காக நோன்பிருக்கும் யோம் கிப்பூருக்கும் அடுத்த நிலைதான். டிசம்பரில் வருவதால், அமெரிக்காவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பரிசு வாங்கும்போது தம் பிள்ளைகள் ஏங்கக் கூடாது என்று அது பெரிதாகிப்போனது. படத்தின் தொடக்கத்தில் சிறுவன் மோர்டெக்காயின் ஹனுக்கா பம்பரத்தை ஒரு தெரு சாண்டா மிதித்து நசுக்குவாரே, அந்த ஒரு நிமிடத்தில் இந்த ஏக்கம் முழுவதும் இருக்கிறது. படத்தில் கிண்டலுக்கு அடியில் வலி தெரிகிற இடம் அது ஒன்றுதான்.

படம் அப்படியொன்றும் மகத்தானதில்லை. பிற்பாதியில் ஒரே நகைச்சுவையை நாலு முறை பிழிகிறார்கள். தாயும் மகனும் வருகிற காட்சிகளும், எதிராளிக்குக் குற்ற உணர்ச்சியைக் கிளப்பிவிடுவதையே கதாநாயகனின் ஆயுதமாக்கிய யோசனையும்தான் அதைத் தாங்கிப்பிடிக்கின்றன. பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊடகச் சதிக் கூட்டத்துக்கு மட்டுமாவது அடுத்த இதழில் நாலு வரி பின்னணி போடுங்கள்.

அப்படியே, 'குடும்பத்தோடு பார்க்கலாம்' பட்டியலிலிருந்தும் அதை எடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் (17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்) வாங்கிய படம். முதல் கால் மணி நேரத்திலேயே ஏன் என்று தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திண்டுக்கல்