பச்சைக் கட்டம்

மாப்பிள்ளை,

எட்டு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். வீட்டில் எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் அப்படியே.

எங்கள் ஆஸ்பத்திரியின் மாதாந்திரச் செயல்திறன் அறிக்கை தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ப்ராக்ஸி கொடுத்தே பாஸானவனிடமா கணக்கு என்று சிரிப்பாய். சிரி.

புறநோயாளிகள் காத்திருக்க வேண்டிய நேரத்துக்கு 30 நிமிடம் இலக்கு. எங்களுடையது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. மூன்றே மாதத்தில் 22 ஆனது. இலக்கைத் தொட்டால் அறிக்கையில் கட்டம் பச்சை, தொடாவிட்டால் சிவப்பு. எங்களுக்குப் பச்சை, மேலிடத்துப் பாராட்டு. எனக்கு உறுத்தியது. டாக்டரும் கூடவில்லை, அறையும் கூடவில்லை, எப்படிக் குறையும்? ஒரு நாள் காலை ஏழு மணிக்கே போய் நின்றேன். சீட்டு அச்சாகும்போதுதான் கணினியில் நேரம் ஓடத் தொடங்குகிறது. அதனால் உள்ளே கூட்டம் வடியும்வரை சீட்டே போடுவதில்லை! வரிசை வெளித் தாழ்வாரத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பாட்டி எக்ஸ்ரே உறையைத் தன் இடத்தில் வைத்துவிட்டுத் தூணோரம் படுத்திருந்தார். அவருடைய இரண்டரை மணி நேரம் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை.

எங்கள் ஆட்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு நான்கு மணி நேரக் கெடு வைத்தபோது, நோயாளியை வாசலில் ஆம்புலன்ஸிலேயே வைத்திருந்த கூத்தும் நடந்தது. ஆனால் அங்கே காத்திருப்பு நிஜமாகவும் குறைந்தது, அதையும் சொல்ல வேண்டும். நியூயார்க்கில் 1990களில் இதய அறுவை நிபுணர்களின் இறப்பு விகிதத்தை ஊரறிய வெளியிட்டார்கள். ஆபத்தான கேஸ்களைத் தவிர்த்ததாக அவர்களில் பலரே ஒப்புக்கொண்டார்கள்.

அதற்காக எண்ணவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தையல் சீழ் பிடித்த கேஸ்களை நாங்களாகவே ஒரு நோட்டில் குறித்தபோதுதான், முக்கால்வாசி ஒரே ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்தது தெரிந்தது. பார்த்தால் கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் பழுது. அந்த நோட்டுக்காக யாருக்கும் பாராட்டும் இல்லை, மெமோவும் இல்லை. ஒருவரும் பொய் எழுதவில்லை.

அடுத்த மாதம் வாசலில் நுழைந்த நேரத்தையும் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். கட்டம் சிவக்கும், கண்காணிப்பாளர் முகமும் சிவக்கும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நிர்வாகத்தில் மேலிடத்துக்கு எழுதி எழுதியே தேய்ந்தவன் நீ. எப்படி எழுதினால் அடி குறைவாக விழும்? உடனே பதில் போடு. எட்டு மாதம் எடுத்துக்கொள்வது என் உரிமை, உனக்குக் கிடையாது.

உன்,
ப்ராக்ஸி