வருத்தம் மாறிவிட்டது: நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன கிழமையோடு மாத்திரை முடிந்தது. டொக்டர் பழைய எக்ஸ்ரே படத்தையும் புதியதையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டிவிட்டுக் கை குலுக்கினார். எனக்கு வந்தது காசநோய். ஊரில் கசம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அதுதான். அகதி விண்ணப்பத்தை முதலில் பார்க்கிற ஒப்பிராவிலும் பிறகு மொந்திராயில் இருக்கிற அகதி நீதிமன்றத்திலும் வழக்கு நிராகரிக்கப்பட்டு, விசா இல்லாமல் பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கிற ஒருவன், ஒரு சதம் கட்டாமல், ஒரு பொலிஸ்காரனும் கதவைத் தட்டாமல், தொடக்கம் முதல் முடிவு வரை மருத்துவம் பார்த்து முடித்திருக்கிறான். இதைச் சொல்லாமல் வெறுமனே நன்றி என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. பெயர் எதுவும் போடமாட்டேன். போட்டால் சிலருக்குக் கரைச்சல், எனக்கும் கரைச்சல். வாசித்தால் உங்களுக்கே தெரியும் நீங்கள் யார் என்று.

முதல் நன்றி, வேலை இடத்துச் சமையலறையில் என்னோடு நின்ற மாலி நாட்டு அண்ணைக்கு. எனக்கு இருமல் தொடங்கி நெடுநாள். கோப்பை கழுவுகிற இடத்து ஆவிதான் காரணம் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் இஞ்சியும் கொத்தமல்லியும் வாங்கி அவித்துக் குடித்துக்கொண்டு, டொலிப்ரான் என்கிற பரசிற்றமோலையும் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தேன். இரவில் வியர்த்து பனியன் பிழிகிற மாதிரி நனையும். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. கடைசியில் என் கைத்துண்டில் இரத்தத்தைக் கண்டவர் அவர்தான். அவருக்கும் பேப்பர் கிடையாது. ஆனால் பர்சுக்குள் இருந்து படம் போட்ட ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஏஎம்இ அட்டை. "பொலிஸ் இல்லை, பொலிஸ் இல்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, அடுத்த நாள் காலையில் தன் நித்திரையைக் கெடுத்துக்கொண்டு ட்ராமில் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போனார்.

ஏஎம்இ என்றால் அரச மருத்துவ உதவி. 2000 ஜனவரி 1 முதல் பிரான்சில் இருக்கிறது. விசா இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் இங்கே இருந்து, வருமானமும் ஒரு அளவுக்குள் இருந்தால் எடுக்கலாம். ஒரு வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். எங்கள் ஆட்களைக் கேட்டால் "அது எடுக்காதே, பேர் பதிந்துவிடுவான், பிறகு விசாவுக்குப் போடும்போது பிடிப்பான்" என்பார்கள். உண்மை நேர் எதிர். இத்தனை வருடம் இங்கேதான் இருந்தேன் என்று, விசா கொடுக்கிற அரச அலுவலகமான பிரெபெக்சருக்குக் காட்ட அந்தக் கடிதம் நல்ல ஆதாரம். 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எடுக்கத் தகுதி உள்ளவர்களில் 51 சதவீதம் பேரிடம்தான் இந்த உதவி இருந்தது என்று கண்டிருக்கிறார்கள். மற்றப் பாதியில் எங்கள் அறை முழுதும் அடக்கம்.

பொபினி அவிசென் ஆஸ்பத்திரியின் நெஞ்சு நோய்ப் பிரிவில் இருக்கிற எல்லோருக்கும் நன்றி. பொபினி என்றாலே எங்களுக்குப் பிரெபெக்சரும் அதன் வரிசையும்தான் ஞாபகம் வரும், அதனால் அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அதே ஊரில்தான் இந்த ஆஸ்பத்திரியும். 1935இல் வட ஆபிரிக்காவில் இருந்து வந்த தொழிலாளிகளுக்கென்று பிராங்கோ-முஸ்லிம் ஆஸ்பத்திரி என்ற பெயரில் திறந்ததாம், 1978இல்தான் இப்போதைய பெயர் வைத்தார்கள். என்னை ஒரு தனி அறையில் போட்டு, வருகிறவர்கள் எல்லோரும் முகக்கவசத்தோடு வந்தார்கள். அந்த இரவுத் தாதி கதவைத் திறக்கும்போதே பாடிக்கொண்டு வருவார். அவர் பாடியது ஒரு வரியும் விளங்கவில்லை, ஆனால் அந்த நேரம் வந்தால் நான் எழும்பி உட்கார்ந்துவிடுவேன்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். காசநோய் வந்தால் அதைச் சுகாதார அதிகாரிகளுக்கு அறிவிப்பது இங்கே சட்டம். பிறகு நோயாளியோடு கிட்ட இருந்தவர்களையும் தேடிப் பார்ப்பார்கள். காசநோய்த் தடுப்பு நிலையத்தில் இருந்து ஒரு தாதி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "உங்களோடு ஒரே அறையில் யார் படுக்கிறார்கள்?" என்று கேட்டார். நான் வாயே திறக்கவில்லை. என்னோடு படுக்கிறவர்களில் ஒருவரைத் தவிர ஒருவருக்கும் விசா இல்லை. எனக்கு வந்த நோய்க்கு அவர்களைக் காட்டிக் கொடுப்பதா? அந்தப் பெண் அவசரப்படவில்லை. போனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார். போனில் வந்தது பாண்டிச்சேரித் தமிழ். "அந்தம்மா சொல்றாங்க, இது ஆஸ்பத்திரி விஷயம், பிரெபெக்சருக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. நோயாளி பத்தி வெளிய சொன்னா அவங்க மேலதான் கேஸ் வரும்னு சொல்றாங்க. பேர் இப்ப வேணாமாம். நீங்களே அவங்ககிட்ட பேசிட்டு, கூட்டிட்டு வந்தா போதுமாம். இன்சூரன்ஸும் வேணாமாம், காசும் வேணாமாம்."

போனில் கதைத்த அக்கா, உங்கள் முகம் எனக்குத் தெரியாது. நீங்கள் கதைக்கும்போது பின்னால் குக்கர் விசில் அடித்தது, உடனே "மன்னிக்கணும்" என்றீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபின் நான் முதல்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

அன்று இரவே அறையின் மூத்த அண்ணைக்குப் போன் அடித்தேன். "எட, எங்களையும் சேர்த்து மாட்டிப்போட்டியா" என்றார். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு "எத்தனை மணிக்குப் போகவேணும்?" என்று கேட்டார். அண்ணை, உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. திங்கட்கிழமை, லீவு நாளில், எல்லோரையும் எழுப்பி, டிக்கெட் எடுத்துக் கொடுத்து (அன்றைக்கு ஒருவரும் கள்ள ரயில் ஏறக்கூடாது என்று கட்டளையாம்), எக்ஸ்ரே எடுக்கவும் இரத்தம் கொடுக்கவும் கொண்டுபோனீர்கள். மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வேறு அறைக்குப் போன தம்பியும் பிறகு தானாகவே போய் எடுத்திருக்கிறான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம் வந்தால் யாரும் அப்படித்தான். ஒருவருக்கு மட்டும் கிருமி உள்ளே இருக்கிறது, ஆனால் நோயாக மாறவில்லை என்று வந்தது. அவருக்கு மூன்று மாத மாத்திரை. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை.

இந்தக் கிருமி உடம்புக்குள் வருடக்கணக்காகச் சும்மா கிடக்குமாம். 2009இல், போர் முடிந்தபோது எங்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் எனக்குத் தொற்றியதா, வந்த வழியில் அடைத்து வைத்திருந்த வீடுகளிலா, இல்லை இந்த அறையிலேயா, யாராலும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். சாப்பாடு, நித்திரை, காற்றோட்டம் மூன்றும் குறைந்தால் அது எழும்பும். டிவியில் கோட்டுப் போட்டவர்கள் வந்திருந்து, வெளிநாட்டுக்காரன் நோயைக் கொண்டு வருகிறான் என்று கதைக்கும்போது எனக்கு இதுதான் வாயில் வரும். ஒரு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாத அறையை இத்தனை பேருக்கு வாடகைக்கு விடுகிறவனைப் பற்றியும் ஒரு வார்த்தை கதையுங்களேன் ஐயா.

ஆஸ்பத்திரியின் சமூக உதவியாளருக்கு நன்றி. காப்புறுதி இல்லாதவர்களுக்கென்று 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆஸ்பத்திரிகளில் ஒரு பிரிவு இருக்கிறது, பாஸ் என்பார்கள். அவர் அங்கேதான். ஏஎம்இக்குப் போட, மூன்று மாதம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டார். என்னிடம் இருந்தது ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நிராகரிப்புக் கடிதம், பயண அட்டை ரசீதுகள், மருந்துக்கடைத் துண்டுகள், அம்மாவுக்குக் காசு அனுப்பிய துண்டுகள். எல்லாவற்றையும் மேசையில் கொட்டி, மாத வாரியாக அடுக்கி, மங்கிப் போனதை வெளிச்சத்தில் பிடித்து வாசித்து, பிரதி எடுத்து முடிக்க அவருடைய மதியச் சாப்பாடு போய்விட்டது. கடிதம் வர முகவரிக்கு ஒரு சங்கத்தைப் பிடித்துத் தந்ததும் அவரே. சிலர் எனக்கு "இந்த நோயைக் காட்டியே விசாவுக்குப் போடு" என்றார்கள். காசநோய் மருந்து இலங்கையில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே அது சரிவராது என்று முகத்துக்கு நேரே சொன்னவரும் இவர்தான். பொய் நம்பிக்கை தராததற்கும் சேர்த்து நன்றி.

மருந்துக்கடைப் பெண்ணுக்கும் நன்றி. முதல் இரண்டு மாதம் நான்கு வகை மருந்து, பிறகு நான்கு மாதம் இரண்டு வகை, வெறும் வயிற்றில். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதே என்று முன்கூட்டியே படம் கீறிக் காட்டினார். இல்லாவிட்டால் அன்றைக்கே மருந்தை நிறுத்தியிருப்பேன். கண்ணில் நிறம் மாறித் தெரிந்தால் உடனே வா என்றார். தூனா மீனைச் சாப்பிடாதே, இந்த மருந்தோடு சேராது, முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும் என்றார். தூனா என்றால் எங்கள் சூரைதானே. கரையோரத்துக்காரனுக்கு இதைவிடக் கொடிய தண்டனை உண்டா, சரி, அதையும் தாண்டியாயிற்று. நடுவில் பல்வலிக்குப் போன இடத்தில் ஏஎம்இ அட்டையைக் கண்டதும் "இதற்குப் பார்ப்பதில்லை" என்றார்கள். அப்படி மறுப்பது சட்டப்படி பிழை என்று இந்தப் பெண் சொல்லித்தான் தெரியும். அவரே இன்னொரு பல் டொக்டருக்குப் போன் அடித்து நேரம் எடுத்துத் தந்தார்.

அப்புறம், எனக்குத் தெரியாத ஒரு கூட்டத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் மேலவையான செனட் இந்த ஏஎம்இயை எடுத்துவிட்டு அவசர சிகிச்சை மட்டும் போதும் என்று வாக்களித்தது. அப்போது சுமார் 3,500 மருத்துவர்கள், சட்டம் வந்தாலும் நாங்கள் இலவசமாகப் பார்ப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். டிசம்பரில், அரசாங்கமே கேட்டு எவின், ஸ்டெபனினி என்ற இருவர் எழுதிய அறிக்கையும் இந்த உதவி தேவையானது என்றுதான் சொன்னது. 2024 ஜனவரியில் வந்த குடிவரவுச் சட்டத்தில் அந்த மாற்றம் இல்லை. ஸ்பெயினில் 2012இல் இப்படித்தான் பறித்து, 2018இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைவெளியில் எத்தனை பேர் என்னைப்போல இஞ்சி அவித்துக் குடித்தார்களோ.

இருமல் இரண்டு மூன்று கிழமைக்கு மேல் போனால், மெலிந்துகொண்டு வந்தால், இரவில் வியர்த்தால், கையில் அட்டை இல்லை என்று வீட்டில் கிடக்க வேண்டாம். காசநோய்த் தடுப்பு நிலையத்துக்குப் போக அட்டை, காசு ஒன்றும் தேவையில்லை. பொது ஆஸ்பத்திரிக்குப் போய் பாஸ் எங்கே என்று கேளுங்கள். தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்றும் கேளுங்கள், போனில் பிடித்துத் தருவார்கள்.

லா கூர்னேவ் அக்கா, உங்களை மறக்கவில்லை. பிள்ளைகள் இருக்கிற வீடு என்பதால் முதலில் சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டுப் போனீர்கள், இனித் தொற்றாது என்று டொக்டர் சொன்ன பிறகு உள்ளே கூப்பிட்டு மேசையில் இருத்திச் சாப்பாடு போட்டீர்கள். இரண்டும் சரிதான். முருங்கையிலைச் சுண்டல் வந்த அந்தப் பெரிய எவர்சில்வர் தூக்குச்சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், அன்றைக்குச் சூரை கிடைத்தால் வாங்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி