பரிசத் தட்டில் பணம் வேண்டாம், தம்பி

கோத்தகிரி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்கு நாம் கொடுக்கப்போகும் பரிசப் பணத்தைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் கடிதம்.

போன ஞாயிறு மகளிர் குழுவில் ஒரு படம் போட்டார்கள். வெளியே ஒரே மிஸ்ட். பத்துப் பதினைந்து பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தோம். எத்தியோப்பியா நாட்டுப் படம், பேர் ‘டிஃப்ரெட்’, 2014இல் வந்தது. கீழே ஓடிய இங்கிலீஷை டீச்சர் அக்கா தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

1996இல் நிஜமாக நடந்த கதை. 14 வயதுப் பெண். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குதிரையில் வந்த ஆட்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள், கல்யாணம் கட்டுவதற்காம். பரிசம் கொடுக்க வழியில்லாதவனும் அங்கே இப்படிச் செய்வதுண்டாம். அவள் தன்னைத் தூக்கிப்போனவன் துப்பாக்கியையே எடுத்து அவனைச் சுட்டுவிடுகிறாள். மெயாசா அஷெனாஃபி என்ற வக்கீல் அம்மா கேஸை நடத்தினார். தற்காப்புக்குச் சுட்டது என்று கோர்ட்டு அவளை விடுதலை செய்தது. அந்த வக்கீல் 2018இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துக்கே தலைவரானார்.

படம் முடிந்து டீ குடிக்கும்போது பேச்சு பரிசத்துக்குப் போனது. உகாண்டாவில் கல்யாணம் முறிந்தால் பெண் வீட்டார் வாங்கிய பரிசத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று வழக்கம் இருந்ததாம். மாடும் ஆடுமாக வாங்கியதை எங்கே போய்த் திருப்புவது? அடிபட்டாலும் அங்கேயே கிட என்றுதான் சொல்வார்கள். அப்படித் திருப்பிக் கேட்பது செல்லாது என்று 2015இல் அந்த ஊர் உச்ச நீதிமன்றம் சொன்னது என்றார் டீச்சர் அக்கா. எனக்கு அதற்குமேல் டீ இறங்கவில்லை.

உன் அம்மாச்சிக்கு இடது காது கேட்காது. சின்ன வயசில் நீ வலது பக்கமாகப் போய் நின்றுதான் கதை கேட்பாய். பிறவியிலேயே அப்படி என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய், தம்பி. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணமான இரண்டாம் வருஷம் தாத்தா அடித்த அடி. காதில் ரத்தம் வழிய, ராத்திரியோடு ராத்திரியாக அவள் அப்பா இருந்த லயத்துக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, ஓடிவந்தாள். பரிசமாக வாங்கிய 101 ரூபாய் கடைக்கடனுக்குப் போய்விட்டது. “திருப்பிக் கேட்டா நான் எங்கம்மா போவேன்?” என்று அவர் அழுதாராம். விடியுமுன் அவரே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தார். கொழுந்துக் கூடையைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே மலைக்கு ஏறினேன் என்பாள். அவள் சாகிற வரைக்கும் “காசு குடுத்துக் கட்டினவன்” என்ற பேச்சை தாத்தா விடவில்லை.

நம்ம சினிமாவில் ஹீரோ ஹீரோயின் கன்னத்தில் அறைந்ததும் அவள் திமிர் அடங்கிக் காதலிப்பாள். தியேட்டரே விசிலடிக்கும். உன்னை மடியில் வைத்துக்கொண்டு நானும் கை தட்டியிருக்கிறேன், அம்மாச்சி பக்கத்துச் சீட்டில் இருக்கும்போதே. அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

“வரதட்சணை வாங்கலையே அம்மா, குடுக்கத்தானே செய்றோம், இதுல என்ன தப்பு?” என்று அன்றைக்குக் கேட்டாய். உன் மாமாவும் 10,001 ரூபாயைச் சபையில் எண்ணி வைப்பதுதான் நம்ம முறை என்கிறார். நீ கை ஓங்குகிற பிள்ளை இல்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் நீ கட்டப்போகும் பெண்ணின் அப்பா கையில் நாம் எண்ணிக் கொடுத்த பணம் இருக்கக் கூடாது.

மாமாவிடம் சொல்லிவிட்டேன். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, சேலை, அவ்வளவுதான். கோபமாக எழுந்து போனார். நீயும் ஒரு வார்த்தை பேசு. அப்புறம், சபை கூடியதும் சம்பந்தியிடம் நானே சொல்லப்போகிறேன்: உங்கள் மகள் எந்த ராத்திரி திரும்பி வந்தாலும் கதவைத் திறங்கள், எங்களுக்கு நீங்கள் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை என்று. அப்போது நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா