பாட்டியின் நினைவாகக் கைப்பிடிகள்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

93 வயதில் நம்மை விட்டுப் பிரிந்த பாட்டியின் நினைவாக என்ன செய்யலாம் என்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் கூடிப் பேசினோம். படத்திறப்பு, நினைவு மலர் என்று பல யோசனைகள் வந்தன. கடைசியில் அனைவரும் ஒப்புக்கொண்டது வேறொன்று: தனியாகவோ துணையோடு இருவராகவோ வாழும் முதியவர்களின் வீடுகளில் கைப்பிடி, இரவு விளக்கு, வழுக்காத தரை இவற்றை இலவசமாக அமைத்துக் கொடுப்பது. அதற்காகத்தான் இந்தக் குழு. அதற்காகத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

ஏன் கைப்பிடி என்று பாட்டியை அறிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். தாத்தா போன பிறகும் தன் வீட்டில்தான் இருப்பேன் என்று உறுதியாக நின்றவர் அவர். "நீங்க எல்லாரும் வந்து போய்க்கிட்டு இருங்க. நான் எங்கேயும் வரலை" என்பார். பிள்ளைகள் மேல் மனத்தாங்கல் எதுவும் இல்லை. குடும்பத்தின் மேல் அவ்வளவு உயிராக இருந்தவரை நாங்கள் வேறு எங்கும் பார்த்ததில்லை. பெரிய பெரிய எழுத்தில் தொலைபேசி எண்கள் எழுதிய நோட்டு ஒன்று வைத்திருந்தார். எண்ணுக்குப் பக்கத்திலேயே எந்தப் பேரனுக்கு எப்போது பரீட்சை, எந்த மருமகளுக்கு எந்தக் காலில் முட்டிவலி என்று குறிப்பு இருக்கும். நாம் மறந்ததையும் போன் போட்டு விசாரிப்பார். ஆனால் எழுந்து குளிக்க, கதவைத் திறக்க, தண்ணீர் எடுக்க இன்னொருவர் கையை எதிர்பார்ப்பது மட்டும் அவருக்குப் பிடிக்காது.

கடைசிவரை அவர் விருப்பப்படியே வாழ்ந்ததற்கு மனத்திடம் மட்டும் காரணமில்லை. குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி இருந்தது. அதைப் பொருத்தியபோது "எனக்கு எதுக்கு இது?" என்று மறுத்தவர்தான், அப்புறம் அதைப் பிடிக்காமல் உள்ளே காலெடுத்து வைத்ததே இல்லை. மாடிப்படிக் கைப்பிடியில் அவர் வழக்கமாகப் பிடிக்கும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து மரம் தெரியும்.

முதுமையில் ஒருமுறை விழுவது வெறும் காயத்தோடு முடிவதில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். பிழைத்தவர்களுக்கும் பயம் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி விழுந்துவிடுவோமோ என்று நடப்பதைக் குறைக்கிறார்கள். நடக்காத காலில் வலு குறைகிறது. வலு குறைந்தால் மறுபடியும் விழுகிறார்கள். வீட்டார் கலங்கிப்போய், "போதும், இனி தனியாக இருக்க வேண்டாம்" என்று முடிவெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு நாளில் அந்தப் பெரியவரின் வாழ்க்கையே கைமாறிப் போகிறது.

தடுக்க வழி இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2023-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, வீட்டுக்குள் இருக்கும் ஆபத்துகளைக் கண்டறிந்து சரிசெய்தால் முதியவர்கள் விழுவது சுமார் 26 சதவீதம் குறைவதாகச் சொல்கிறது. ஏற்கெனவே விழுந்தவர்கள், நடமாடச் சிரமப்படுபவர்கள் போன்றோரிடம் இது 38 சதவீதம். இவ்வளவு எளிய வேலைக்கு இது பெரிய பலன் என்று நினைக்கிறோம்.

வேலை எளியதுதான், ஆனால் ஏனோதானோவென்று செய்யக்கூடாது. துண்டு போடும் கம்பி ஓர் ஆளின் எடையைத் தாங்காது. வழுக்கும்போது கை முதலில் போவதோ அதற்குத்தான். உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கைப்பிடியையும் நம்ப முடியாது, சொல்லாமல் கொள்ளாமல் கழன்றுவிடும். சுவரில் துளையிட்டு, சுவரின் தன்மைக்கேற்ற ஆணி போட்டு, ஆள் தொங்கிப் பார்த்த பிறகே ஒப்படைப்போம். படிகளுக்கு இருபுறமும் கைப்பிடி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் பளிச்சென்ற நிறத்தில் பட்டை. வயதானால் கண்ணின் பாவை சுருங்கி, லென்ஸும் மஞ்சளாகிவிடுவதால் உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. நமக்குப் போதும் என்று தோன்றும் பல்பு அவர்களுக்குப் போதாது. அதனால் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, படுத்தபடியே எட்டும் சுவிட்ச். தரையில் விழுந்து கிடந்தாலும் கைக்கு எட்டும்படி தாழ்வாக ஓர் அழைப்பு மணி. இதை நாங்கள் விடவே மாட்டோம். எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடந்தால் உடலில் நீர் வற்றும், தசை சிதையும், சிறுநீரகம்கூடப் பாதிக்கப்படலாம்.

உங்களால் முடிந்ததைத் தாருங்கள். ஒரு கைப்பிடிக்கான தொகையும் பெரிதுதான். ஒரு வீட்டின் முழுச் செலவையும் ஏற்க விரும்பும் குடும்பங்கள் சேர்ந்தும் தரலாம். பணம் தர இயலாதவர்கள் உழைப்பைத் தரலாம்; தச்சு, குழாய், மின்சார வேலை தெரிந்தவர்கள் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்கினால் எங்களுக்குப் பெரிய பலம். தொகையைக் குழு உறுப்பினர் யாரிடமும் கொடுத்து அன்றே ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் அனுப்புவோம். வந்த பணம் பொருளுக்கும் கூலிக்கும் மட்டுமே போகும். பாட்டியின் பெயர்ப் பலகை எந்த வீட்டிலும் வைக்க மாட்டோம்; அடுத்தவர் வீட்டுச் சுவரில் தன் பெயர் இருப்பதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

உதவி தேவைப்படும் முதியவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் எங்களிடம் சொல்லுங்கள். அதற்கு முன் அவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் சம்மதித்து, அவர் வேண்டாம் என்றால் அந்த வீட்டுக்குப் போக மாட்டோம். அவர் சரி என்ற பிறகு, கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்பதையும் அவரையே பிடித்துப் பார்க்கச் சொல்லித்தான் சுவரில் குறியிடுவோம்.

இப்படிக்கு,
பாட்டியின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அக்கம்பக்கத்தார் சார்பில்
நினைவுக் குழுவினர்