ஓ.எல். முடிந்தபின் இந்தப் பிள்ளைகள் எங்கே விளையாடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூடோ, சம்போ என்ற இரண்டு மல்யுத்த விளையாட்டுகளிலும் பெயரெடுத்த வெளிநாட்டு வீராங்கனை ஒருவரைப் பற்றிச் சென்ற ஞாயிறு இதழில் போட்டிருந்தீர்கள். பாடசாலையில் ஜூடோ பழகும் என் மகள்தான் அதை முதலில் படித்தாள். படித்துவிட்டு, "சம்போவும் ஜூடோவும் ஒன்றுதான் எண்டு எழுதியிருக்கினம் அம்மா, அது பிழை" என்றாள். அவள் சொல்லிச் சொல்லி எனக்கும் இந்த விசயங்கள் பாடமாகிவிட்டன. அதனால்தான் எழுதுகிறேன்.

சம்போ ஜூடோவிலிருந்து வளர்ந்தது என்பது சரி. ஜப்பானில் ஜூடோவின் தலைமைப் பள்ளியான கோடோகானில் பழகிய வசிலி ஒஷ்செப்கோவ் என்ற ரஷ்யர் அந்த வித்தையைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோய், உள்ளூர் மல்யுத்தங்களையும் சேர்த்து வளர்த்தெடுத்தார். 1937 இல் அவரைப் பிடித்து அடைத்தார்கள், சிறையிலேயே செத்துப்போனார். அடுத்த வருடமே சோவியத் அரசு சம்போவைத் தன் விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. ஆனால் களத்தில் இரண்டும் வேறு. ஜூடோவில் எதிராளியின் கழுத்தை நெரிக்கலாம், காலை முறுக்கிப் பூட்டக்கூடாது. விளையாட்டுச் சம்போவில் காலைப் பூட்டலாம், கழுத்தை நெரிக்கக்கூடாது. அங்கே கட்டைக் காற்சட்டையும் சப்பாத்தும். இங்கே நீளக் காற்சட்டையும் வெறுங்காலும். ஒன்றில் பழகிய கை மற்றதில் தன்னை அறியாமலே பிழைவிடும். சர்வதேச ஒலிம்பிக் குழு சம்போவை 2021 இல் முழுமையாக அங்கீகரித்தாலும் ஒலிம்பிக்கில் இன்னும் அது இல்லை. ஆகவே ஒலிம்பிக் ஆசை உள்ள சம்போக்காரி ஜூடோவுக்கும் வந்துதான் ஆகவேண்டும். இரண்டையும் ஒன்று என்று எழுதினால் அந்தப் பெண் பட்ட பாட்டில் பாதி காணாமல் போய்விடுகிறது.

சரி, இனி எங்கள் கதை. நான் கண்ட அளவில், வன்னியில் பெண்பிள்ளையின் ஜூடோ, பதினாறு வயதளவில் எழுதும் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையோடு நின்றுவிடுகிறது. வலய மட்டம், மாகாண மட்டம் என்று போய் வந்த பிள்ளைகள், பரீட்சை முடிந்ததும் ஒன்றில் ரியூசன், இல்லாவிட்டால் ஆடைத் தொழிற்சாலை. ஆனால் விளையாட்டு முற்றுகிற வயதே அப்போதுதான் தொடங்குகிறது. பெண்கள் ஜூடோ முதன்முதல் ஒலிம்பிக் பதக்கப் போட்டியானது 1992 பார்சிலோனாவில். ஜப்பானின் ரியோகோ தமுரா அதில் வெள்ளி எடுத்தபோது வயது 16. அடுத்த ஒலிம்பிக்கிலும் வெள்ளிதான். தங்கம் வந்தது 2000 சிட்னியில், 25 வயதில். கலியாணம் முடித்து ரியோகோ தானி என்ற பெயரில் 2004 இல் மறுபடி தங்கம், ஒரு பிள்ளையும் பெற்றபிறகு 2008 இல் வெண்கலம். "இதைப் பழகினால் ஆர் கட்டுவான்?" என்று கேட்கிற அயலட்டைக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்லிவருகிறேன். கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள், வேறென்ன.

அண்டை நாட்டிலும் பாருங்கள். மணிப்பூரின் சுசிலா தேவி 2014 இல் பொதுநலவாயப் போட்டியில் வெள்ளி எடுத்தார். அடுத்த வெள்ளி 2022 இல். இடையில் எட்டு வருடம். அந்த எட்டு வருடத்தில் அவர் எங்கே பழகினார், யார் சாப்பாடு போட்டார்கள், காயப்பட்டால் யார் பார்த்தார்கள்? ஒரு வீராங்கனையின் வாழ்க்கை என்பது இதுதானே. அந்தக் காலத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு ஏற்பாடும் இல்லை.

ஜூடோவில் முதல் பாடம் விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் தரையை அடித்து விழவேண்டும். சீமெந்தில் அதைப் பழக முடியாது, மெத்தை வேண்டும். மகள் பழகுகிற மண்டபத்தில் மெத்தை இல்லாமல் இல்லை. கூட்டம் ஒன்று வந்தால் அடுக்கி மூலையில் வைத்துவிடுவார்கள், திருப்பி விரிக்க ஆளில்லை. பிள்ளைகளே இழுத்து விரித்து, துடைத்து, விளிம்போடு விளிம்பு நெருக்கவேண்டும். கொஞ்சம் நீக்கல் விட்டாலும் கால்விரல் அதற்குள் போய்ச் சிக்கும். மகளின் சின்னவிரல் அப்படித்தான் ஒருமுறை வீங்கி, செருப்புப் போட முடியாமல் திரிந்தாள். எல்லாம் ஒழுங்குபடுத்தி முடிய நேரம் போய்விடும். பொழுதுபட முன் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். சில நாட்களில் விரிக்கிற வேலையும் அடுக்கிற வேலையும் மட்டும்தான் நடக்கின்றன.

கொசோவோ என்ற சின்ன நாட்டைப் பற்றி உங்கள் பத்திரிகை எழுதவேண்டும். இருபது இலட்சம் சனம்கூட இல்லை. 1999 இல்தான் அங்கே யுத்தம் முடிந்தது. பெயா என்ற ஊரில், முன்பு கொசோவோவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியா உடைந்ததால் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்த டிரிட்டன் குகா பிள்ளைகளுக்கு ஜூடோ பழக்கினார். அவரிடம் பழகிய மய்லிந்தா கெல்மெண்டி, கொசோவோவுக்கு ஒலிம்பிக் அங்கீகாரம் கிடைக்க முன்னர், 2012 லண்டனில் அல்பேனியாவின் பெயரில் இறங்கவேண்டி வந்தது. 2016 ரியோவில் சொந்தக் கொடியோடு போய்த் தங்கம் எடுத்தார். அந்த நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுதான். பின்னர் தோக்கியோவில் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி, நோரா ஜாகோவா என்று இன்னும் இரண்டு தங்கம், இரண்டும் பெண்பிள்ளைகள். அவர்களும் குகாவிடம் பழகியவர்கள். யுத்தம் பட்ட ஊரில் பிள்ளைகளுக்கு நிலையான ஒரு பழகுமிடமும், விட்டுப்போகாத ஒரு பயிற்றுநரும் இருந்தால் இவ்வளவு நடக்குமென்றால், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஏன் நடக்காது?

பிள்ளைகளிடம் குறையில்லை. முல்லைத்தீவின் கணேஷ் இந்துகாதேவி 2022 தொடக்கத்தில் பாகிஸ்தான் போய், ஜூடோவில் அல்ல, கிக் பொக்ஸிங்கில் தங்கம் வென்று வந்தபோது மாலையும் படமுமாகப் பத்திரிகைகள் நிறைந்தன. நல்லது. ஆனால் பதக்கம் எடுத்த பிள்ளைகள் இரண்டு வருடம் கழித்து எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு நிருபரை அனுப்பிப் பாருங்கள். அதையும் ஞாயிறு இதழில் போடுங்கள், வீட்டுக் கஷ்டத்தைக் கொஞ்சம் குறைத்து, பழகுகிற இடத்தைக் கூடுதலாக எழுதி.

புலம்பெயர்ந்த உறவுகளும் உங்கள் பத்திரிகையை வாசிப்பதால் இன்னொன்று. ஜூடோ உடுப்பு சாதாரணத் துணியல்ல. அரிசிமணி போலப் புடைத்த நெசவு, விரல் தடிப்பில் கழுத்துப்பட்டி. நனைந்தால் கிணற்றடியிலிருந்து தூக்க இரண்டு கை வேண்டும், மாரியில் நாட்கணக்கில் தோள்பக்கம் காயாது. பெரிய போட்டியென்றால் ஒருவர் வெள்ளை, மற்றவர் நீலம். எங்கள் பிள்ளைகளிடம் இருப்பது ஆளுக்கொரு வெள்ளை. நீலம் வந்தால் இரவல், அளவும் சரிவராது. வெளிநாட்டில் உங்கள் பிள்ளைகள் வளர்ந்து கழித்துவைத்த நீல உடுப்புகள் இருந்தால் வன்னியில் ஜூடோ பழக்குகிற பாடசாலை ஒன்றை விசாரித்து அனுப்பிவிடுங்கள். பழசென்றாலும் பரவாயில்லை, கழுத்துப்பட்டி கிழியாமல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
விசுவமடு.