நீடாமின் சீனப் பிரியம் வெறும் மோகம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சீனப் பண்பாட்டையும், இயற்கையின் போக்கோடு இசைந்து வாழச் சொல்லும் அவர்களுடைய தாவோ தத்துவத்தையும் கொண்டாடும் மேலைநாட்டார் பற்றி உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். மறுவாரமே ஒரு வாசகர், வெள்ளைக்காரனுக்குக் கிழக்கு மேல் எப்போதும் ஒரு மோகம், வயிறு நிறைந்தவன் பொழுதுபோக்கு என்று எழுதியிருந்தார். அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை.

ஜோசப் நீடாமை எடுத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜில் பெயர் பெற்ற உயிர்வேதியியல் விஞ்ஞானி. 1937இல் லூ குய்-ஜென் என்ற சீனப் பெண் அங்கே ஆராய்ச்சிக்கு வந்தபோது இவருக்கு வயது 36, அந்த வயதில் அவரிடமே உட்கார்ந்து சீன எழுத்து படித்தார். 1943இல், போர் நடந்துகொண்டிருந்த சீனாவுக்கே போய் மூன்று வருஷம் இருந்து வேலை பார்த்தார். சீன அறிவியல் வரலாற்றை எழுத ஆரம்பித்து 1954இல் முதல் தொகுதி வந்தது, 1995இல் கண்ணை மூடும்வரை அதே வேலைதான். தாவோக்காரர்கள் இயற்கையைக் கண்ணால் பார்த்துக் கையால் செய்து படித்தவர்கள் என்று அவர்கள் மேல் அவருக்குத் தனிப் பிரியம். அளவுக்கு மீறித் தூக்கிவைத்துவிட்டார் என்று பின்னால் வந்த அறிஞர்கள் சொன்னார்கள், அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் மூலநூல்களோடு ஒரு ஆயுள் மல்லுக்கட்டினவரை மோகம் பிடித்தவர் என்பதா?

அவர் போய்ப் பார்த்த இடங்களில் ஒன்று சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் உள்ள தூஜியாங்யான் என்ற பழைய பாசன அமைப்பு. கி.மு. 256 வாக்கில் லீ பிங் என்ற ஆளுநர் மின் என்ற பெயருள்ள ஆற்றை மறிக்காமல், நடுவில் மீன் வாய்போலக் கூர்மையாக ஒரு கரை போட்டு இரண்டாகப் பிரித்தார். மூங்கில் கூடைகளில் கல்லை அடைத்துப் போட்ட கரை. தண்ணீர் குறைந்த நாளில் பெரும்பங்கு வயல் பக்கம் போகும், வெள்ளம் வந்தால் பெரும்பங்கு வெளி ஆற்றோடு போய்விடும். ஆற்றடியை ஆழமாகத் தூர் வாரு, மிகுதித் தண்ணீர் வழிகிற கலுங்கை உயர்த்தாதே என்பது அங்கே கல்லில் வெட்டிய விதி. இன்றைக்கும் அதில் பாசனம் நடக்கிறது. பக்கத்திலேயே தாவோ கோயில்கள் உள்ள சிங்செங் மலை. இரண்டையும் சேர்த்தே 2000இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உயர்ந்த நன்மை தண்ணீரைப் போன்றது என்று தாவோ தத்துவத்தின் மூல ஆசான் லாவோ ட்சு சொன்னதை நான் இந்த ஆற்றை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன். பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தும் வாய்க்காலில் அமலைச் செடி (ஆகாயத்தாமரை) அடைத்துக் கடைமடைக்கு வந்து சேராத கொடுமையைப் பார்க்கிற எங்களுக்கு அந்தத் தூர்வாரும் விதியின் அருமை நன்றாகவே தெரியும்.

இடையன்குடியில் கால்டுவெல்லும் சாயர்புரத்தில் போப்பும் இதே மாதிரிதானே நம் மொழியை உட்கார்ந்து படித்தார்கள்? அவர்களுக்கு மெரினாவில் சிலை வைத்தோம், சரியாகத்தான் செய்தோம். அதே உழைப்பைச் சீனா பக்கம் காட்டினவரை மட்டும் ஏன் இளப்பமாகப் பேச வேண்டும்?

சீனா என்றாலே நம் பக்கத்தில் கோவில்பட்டி தீப்பெட்டியைக் கெடுத்த லைட்டர்தான் பேச்சு. அந்த வருத்தம் நியாயம், நானும் அதில் உண்டு. அதற்காக அவர்கள் நூல்களை யாரோ இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டு மட்டும் தெரிந்துகொண்டால் போதுமா? நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் ஆர்வமுள்ள பிள்ளைகள் சீன மொழி படிக்க ஒரு மாலை வகுப்பாவது நடக்க வேண்டும். உங்கள் பத்திரிகை இதைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி,
வீரவநல்லூர்